எல்லாரும் ஓ பாசிட்டிவ்

அத்தியாயம் 14

தில்லைக்காளி கோயிலுக்குப் போகிறவர்கள் கையில் வெந்நீர் பிளாஸ்க் எடுத்துப் போவார்களா? பழைய நூல் வேட்டியை நாலாகக் கிழித்து, துவைத்து, மடித்துப் பையில் வைத்துக்கொள்வார்களா? ராமாமிர்தம் வைத்துக்கொண்டாள். கேட்டால் "அம்மனுக்கு ஒரு வேண்டுதல்" என்றாள்.

விடிகாலையிலேயே ஷூவுக்கு பாலிஷ் போட்டுக்கொண்டிருந்த அவள் புருஷன் மணவாளன் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "பஸ்ல ஜன்னலோரமா உக்காரு. இல்லன்னா உனக்கு வாந்தி வரும்" என்றதோடு சரி.

இந்த வீட்டு ரகசியம் உங்களுக்குத் தெரியாததா! கடலூர் செம்மண்டலத்தில் இருபத்தாறு வருஷமாக டிரைவிங் ஸ்கூல் நடத்துகிற மனுஷன். அவர் ஸ்கூலிலேயே இன்ஸ்ட்ரக்டராக இருந்த ஆரோக்கியராஜை மகள் தமிழ்ச்செல்வி கல்யாணம் கட்டிக்கொண்டு சிதம்பரம் போன நாளிலிருந்து அவள் பெயரை வாயில் எடுத்ததில்லை. ரெண்டு வருஷம், நாலு மாசம். அவளுக்கு இன்றோ நாளையோ பிரசவம் என்பது வீட்டில் எல்லாருக்கும் தெரியும். அவருக்கும் தெரியும். அவருக்குத் தெரியும் என்பது யாருக்கும் தெரியக் கூடாது, அவ்வளவுதான்.

மருமகள் சத்யப்பிரியா எதிலும் தலையிடாதவள் போல ஆபீஸ் முன்னறையில் உட்கார்ந்திருந்தாள். புருஷன் இளவரசுக்கு ஓசூரில் வேலை, மாசத்துக்கு ரெண்டு தரம் வந்து போவான். டிராஃபிக் சிக்னல் படம் போட்ட பழைய சார்ட்டுக்குக் கீழே லேப்டாப்பை வைத்துக்கொண்டு, ரெண்டு மாசம் ராப்பகலாக அவள் செய்து முடித்த பொருள்தான் 'துளி'.

துளி ஒரு பாட். டெலிகிராமில் நாம் மனுஷர்களுக்கு மெசேஜ் போடுகிறோம் அல்லவா, அதே மாதிரி துளிக்கும் போடலாம். அந்தப் பக்கம் ஆள் கிடையாது. சத்யா எழுதிய புரோகிராம்தான் பதில் சொல்லும். ரத்தம் வேண்டும் என்று கேட்டால் எந்த ஊர், எந்த வகை, எத்தனை யூனிட் என்று பட்டன் காட்டிக் கேட்டுக்கொண்டு, அந்த வகை உள்ளவர்களுக்கெல்லாம் கண் மூடித் திறப்பதற்குள் தகவல் அனுப்பிவிடும்.

"ஏம்மா டெலிகிராமு? வேற கெடைக்கலயா?" என்று மாமனார் ஒரு நாள் கேட்டார்.

"புதுப்படம் பாக்குறதுக்கு எல்லாரும் போன்ல அதை ஏத்தி வச்சிருக்காங்க மாமா. நாம கொஞ்சம் புண்ணியத்துக்கும் உபயோகப்படுத்திக்கலாம்."

ஆள் சேர்த்துக் கொடுத்தது மணவாளன்தான். அதில் அவருக்குக் கொள்ளைப் பெருமை. எட்டு ரெஜிஸ்டரைத் தூக்கி அவள் மேஜையில் தொப்பென்று போட்டார். பெயர், போன் நம்பர், பிளட் குரூப், எல்லாம் அவர் கையெழுத்து. "ஒவ்வொருத்தனையா குரூப் கேட்டுக்கிட்டு இருக்காத. கேட்டா முழிப்பானுவ. லைசென்சுக்கு நான் எழுதினது அத்தனையும் இதுல இருக்கு, அப்படியே ஏத்திக்க" என்றார். பழைய ஸ்டூடண்டுகளை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு "துளிக்கு வணக்கம் போடுடா" என்று அதட்டி, ஆயிரத்து நூற்று நாற்பத்தாறு பேரைச் சேர்த்தும் விட்டார்.

போன ஞாயிற்றுக்கிழமை துளி வேலைக்கு வந்தது. மூன்றாவது நாளே ஒரு ஆபரேஷனுக்கு ஓ பாசிட்டிவ் கேட்டார்கள். அரை மணி நேரத்தில் எட்டுப் பேர் ஆஸ்பத்திரி வாசலில் நின்றார்கள். தெருவே மூக்கில் விரல் வைத்தது. ஆனால் அந்த எட்டில் ஐந்து பேரை, "உங்க குரூப் இது இல்லியே" என்று லேபில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அது சத்யாவின் மனசில் முள்ளாகக் கிடந்தது.

இன்று காலை பத்து மணிக்கு அந்த முள்ளை எடுத்துவிட உட்கார்ந்தாள்.

"மாமா, ஒரு சந்தேகம்."

"சொல்லு."

"ஆயிரத்து நூத்து நாப்பத்தாறு பேர்ல ஆயிரத்து முப்பத்தோரு பேர் ஓ பாசிட்டிவ்னு காட்டுது. எந்த ஊர்லயும் அப்படி இருக்காது மாமா. நூத்துக்கு நாப்பது பேர் இருந்தாலே ஜாஸ்தி."

மணவாளன் கர்ச்சீப்பை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நம்ம ஊரு தண்ணி அப்படிம்மா."

"தண்ணியா?"

"கெடிலம் ஆத்துத் தண்ணி."

அவள் வாயைத் திறப்பதற்குள் லேப்டாப் 'டிங்' என்றது. துளிக்கு யாரோ கோரிக்கை அனுப்பியிருந்தார்கள். திரையில் நாலே வரி.

தேவை: பி நெகட்டிவ், 2 யூனிட், அவசரம்.
இடம்: சிதம்பரம்.
நோயாளி: தமிழ்ச்செல்வி, வயது 26, பிரசவம்.
கேட்பவர்: ஆரோக்கியராஜ்.

துளியின் லிங்க்கைக் கமுக்கமாக நாத்தனாருக்குக் கொடுத்து வைத்திருந்தது சத்யாதான். ஒரு பேச்சுக்குக் கொடுத்தாள். இப்படி வரும் என்று கனவிலும் நினைக்கவில்லை.

மாமனார் அவள் தோளுக்குப் பின்னால் நின்று அந்த நாலு வரியையும் படித்துவிட்டார். அதற்குள் அவள் போன் அடித்தது. ராமாமிர்தம்.

"சத்யா, பொட்டப் புள்ள பொறந்திருக்குடி. புள்ள நல்லா இருக்கு. ஆனா இவளுக்கு ரத்தம் நிக்க மாட்டேங்குது." அழுகையில் வார்த்தை பாதி பாதியாக வந்தது. "இருந்த ரெண்டு பாட்டிலயும் ஏத்திட்டாங்க. இன்னும் ரெண்டு வேணுமாம். இந்த ஊர்ல எங்கயும் இல்லங்குறாங்க. பாண்டிச்சேரியிலேருந்து வரணுமாம். அதுவரைக்கும் தாங்குமான்னு டாக்டரம்மா கையப் பிசையுது. உங்க மாமா கிட்ட சொல்லிடாத, அவரு நெஞ்சு தாங்காது."

ஸ்பீக்கரில் போட்டிருந்தது. அவர் நெஞ்சு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் நின்றது.

துளி தன் வேலையைத் தானே செய்து முடித்திருந்தது. பதிவில் பி நெகட்டிவ் மூன்று பேர். மூன்று பேருக்கும் தகவல் போயிருந்தது. ஒருவர் துபாயில் இருந்தார். இன்னொருவர் போன மாசம்தான் ரத்தம் கொடுத்தவர், இன்னும் ரெண்டு மாசம் கொடுக்கக் கூடாது. மூன்றாமவர் மெசேஜைப் பார்க்கவே இல்லை. கூப்பிட்டுப் பார்த்தாள், சுவிட்ச் ஆஃப்.

"அவ்வளவுதானா?" என்றார் மணவாளன். குரலே மாறியிருந்தது. "ஆயிரம் பேர் இருக்காங்களேம்மா!"

"மூணு பேர்தான் மாமா பி நெகட்டிவ்."

அவர் பொத்தென்று ஸ்டூலில் உட்கார்ந்தார். ஷூவையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, மகள் ஓடிப்போன அன்றுகூடக் கலங்காத அந்த மனுஷன் கண் கலங்கச் சொன்னார்.

"சத்யா, அந்த ஓ பாசிட்டிவ் எல்லாம் நான் போட்டதும்மா."

"போட்டதுன்னா?"

"வர்றவன் எவனுக்கும் குரூப் தெரியாது. போய் டெஸ்ட் பண்ணிட்டு வாடான்னா அடுத்த வாரம் வருவான், இல்ல வேற ஸ்கூலுக்குப் போயிடுவான். ஃபாரத்துல கட்டம் காலியா இருந்தா திருப்பி வந்துடும். அதான்... ஊர்ல ஜாஸ்தி இருக்கிறது அந்த குரூப்தானேன்னு எல்லாருக்கும் ஓ பாசிட்டிவ்னு எழுதிடுவேன். ரிப்போர்ட் கையில கொண்டுவந்தவனுக்கு மட்டும்தான் அதுல இருக்கிறதை எழுதுவேன். இருபத்தாறு வருஷமா."

"உங்களுக்கு?"

"என் லைசென்ஸ்லயும் நாந்தான் எழுதினேன்."

நியாயமாகப் பார்த்தால் சத்யாவுக்குத் தலைக்கேறக் கோபம் வந்திருக்க வேண்டும். ரெண்டு மாச உழைப்பு, அஸ்திவாரமே பொய்! ஆனால் அவளுக்கு வந்தது கோபம் இல்லை. ஒரு கணக்கு. அது மனசில் ஓடியதும் உடம்பு சிலிர்த்துவிட்டது.

"மாமா, நூத்துக்கு ரெண்டு பேராவது பி நெகட்டிவ் இருப்பாங்க. ஆயிரத்து முப்பத்தோரு பேர்ல இருபது பேர். அவுங்க இப்பவே இங்கதான் இருக்காங்க, உங்க ரெஜிஸ்டர்லயே! யாருன்னு மட்டும்தான் தெரியல. உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது, துளிக்கும் தெரியாது."

"அந்தந்தவனுக்குத் தெரியுமா?"

"சில பேருக்குத் தெரிஞ்சிருக்கும். பிள்ளை பெத்தவங்க, ஆபரேஷன் பண்ணவங்க, ரத்தம் குடுத்தவங்க. அவுங்ககிட்ட கேக்கணும். எல்லார்கிட்டயும் ஒரே நேரத்துல கேக்கணும்."

"கேளு!"

"கேட்டா எவன் பாக்குறான் மாமா? 'உங்கள் விவரத்தைச் சரிபார்க்கவும்'னு முந்தாநாள் ஒண்ணு அனுப்பினேன். நாப்பது பேர்கூடத் திறந்து பாக்கல."

மணவாளன் எழுந்தார். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். கண்ணாடி முன் நிற்பவர் மாதிரி இருந்தது.

"எழுத்துல அனுப்பாத. என் குரல்ல அனுப்பு. கிளச்சை வுடுடா கிளச்சை வுடுடான்னு கத்தின குரலு. தூக்கத்துல கேட்டாலும் எழுந்து உக்காருவானுவ."

"என்ன சொல்லப்போறீங்க?"

"உள்ளதைத்தான்."

சத்யா அவரை ஒரு நிமிஷம் பார்த்தாள். செம்மண்டலத்தில் அவர் ரோட்டில் நடந்தால் போலீஸ்காரர்கூட வண்டியை நிறுத்தி வணக்கம் வைப்பார். அந்த வணக்கம் நாளையிலிருந்து இருக்குமா என்பது சந்தேகம்தான். அது அவருக்கும் தெரிந்தே இருந்தது.

பேசினார். ஒரே தடவைதான் பேசினார்.

"மணவாளன் பேசுறேன். செம்மண்டலம் டிரைவிங் ஸ்கூல் மணவாளன். வண்டில போய்க்கிட்டு இருக்கிறவன் இண்டிகேட்டர் போட்டு ஓரங்கட்டு. ஓரங்கட்டிட்டுக் கேளு. உங்க லைசென்ஸ்ல ஓ பாசிட்டிவ்னு இருக்கே, அது டாக்டர் சொன்னது கெடையாது. நான் போட்டது. யாரையும் டெஸ்டுக்கு அனுப்பாம நானா எழுதினது. தப்பு. திட்டணும்னா அப்புறமா நேர்ல வந்து திட்டுங்க, வாங்கிக்கிறேன். இப்போ சிதம்பரத்துல பிரசவமாயி ஒரு பொண்ணு கெடக்குறா. பி நெகட்டிவ் வேணும். உங்கள்ல இருபது பேருக்கு அது இருக்கு. யாருன்னு எனக்குத் தெரியல. நெசமா டெஸ்ட் பண்ணி உங்க குரூப் தெரிஞ்சவங்க கீழ இருக்கிற பட்டனை அமுக்குங்க."

நிறுத்தினார். சத்யா ரெக்கார்டிங்கை முடிக்கக் கையை நீட்டினாள். அவர் வேண்டாம் என்று சைகை காட்டினார்.

"அந்தப் பொண்ணு என் பொண்ணு தமிழு."

ரெண்டு வருஷம் நாலு மாசம் கழித்து அந்தப் பெயர் அந்த ஆபீசில் கேட்டது. சத்யா கண்ணைத் துடைத்துக்கொள்ளக்கூட நேரம் எடுக்கவில்லை.

எட்டு நிமிஷம். புரோகிராமில் புதுசாக ஒரு பகுதி எழுதினாள். குரலுக்குக் கீழே மூன்று பட்டன். 'டெஸ்ட் செய்திருக்கிறேன், பி நெகட்டிவ்', 'டெஸ்ட் செய்திருக்கிறேன், வேறு வகை', 'டெஸ்ட் செய்ததே இல்லை'. ஒரே மூச்சில் எல்லாருக்கும் தள்ளினால் டெலிகிராம் துளியை நிறுத்தி வைத்துவிடும். அதனால் நொடிக்கு இருபத்தைந்து பேர் என்று இடைவெளி வைத்தாள். எவ்வளவு அவசரத்திலும் தன் வழக்கத்தை அவள் மாற்றவில்லை. முதலில் ரெண்டே பேருக்கு அனுப்பினாள், அவளுக்கும் மாமனாருக்கும். ரெண்டு போனும் ஒன்றாக 'டிங்' என்றன. பட்டனை அமுக்கிப் பார்த்தாள். வேலை செய்தது.

"எவ்வளவு நேரம் ஆவும்?"

"எல்லாருக்கும் போய்ச் சேர முக்கால் நிமிஷம் மாமா."

"ஆயிரத்து நூறு பேருக்குமா?" அவருக்கு நம்பிக்கை வரவில்லை. ஒவ்வொருவராகச் சேர்க்க அவருக்கு ரெண்டு மாசம் ஆயிற்று.

சத்யா புதிய புரோகிராமை சர்வரில் ஏற்றினாள். குலதெய்வத்தை நினைத்துக்கொண்டு என்டரைத் தட்டினாள். திரையில் எண்கள் ஓடின. இருபத்தைந்து, ஐம்பது, எழுபத்தைந்து, நூறு... ரெண்டு பேரும் மூச்சுவிட மறந்து பார்த்தார்கள். ஆயிரத்து நூற்று நாற்பத்தாறில் வந்து நின்றது.

அப்புறம் ஒன்றுமே நடக்கவில்லை. ஃபேன் சுற்றுகிற சத்தம்தான் கேட்டது. வெளியே ஷேர் ஆட்டோக்காரன் "திருப்பாப்புலியூர், திருப்பாப்புலியூர்" என்று கூவிக்கொண்டு போனான். மணவாளன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

முதல் பதில் வந்தது. பட்டன் இல்லை, எழுத்து.

'ஓரங்கட்டிட்டேன் சார்.'

அடுத்தது. 'ஓரங்கட்டிட்டேன் சார்.' பண்ருட்டியிலிருந்து. அடுத்தது நெய்வேலி. 'சார் ஓரங்கட்டியாச்சு, சொல்லுங்க.' அடுத்தது பரங்கிப்பேட்டை. திருவண்ணாமலை ரோட்டில் பஸ் ஓட்டுகிறவன் ஒருத்தன், டீக்கு நிறுத்தியிருந்தானாம். விருத்தாசலத்தில் ஒரு போலீஸ் ஜீப். குவைத்திலிருந்து ஒருவன் அங்கேயும் ஓரங்கட்டியிருந்தான்! கீழே கீழே கீழே என்று திரை ஓடியது. நிறுத்திப் படிக்க முடியவில்லை. ரோட்டில் பேரிரைச்சலோடு ஓடிக்கொண்டிருந்த அத்தனை வண்டிகளும் ஒரு மனுஷனுடைய சொல்லுக்காக ஒரே நேரத்தில் இண்டிகேட்டர் போட்டு ஓரமாக நின்றதைக் கண்ணால் பார்ப்பதுபோல இருந்தது சத்யாவுக்கு. அவளுக்கு மயிர்க்கூச்செறிந்தது. இதை எழுதியது தான்தானா என்று அவளுக்கே மலைப்பாகிவிட்டது.

மணவாளன் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். "அம்மாடி," என்றார். "அம்மாடி!"

திட்டினவர்களும் உண்டு, ஏன் இல்லை? 'வெக்கமா இல்லியா சார் உங்களுக்கு?' என்று ஒருத்தன். 'பொண்ணு வீட்ல கேட்டப்ப ஓ பாசிட்டிவ்னு அடிச்சு சொன்னேனேய்யா!' என்று இன்னொருத்தன். 'அப்ப நான் எட்டுப் போட்டதாவது நெசமா சார்?' என்று கேட்டது ஒரு குறும்பு. ஒவ்வொன்றையும் அவர் வாய்விட்டுப் படித்தார். எதற்கும் முகம் கோணவில்லை.

இன்னொரு கூட்டம் கிளம்பியது. அதை சத்யா எதிர்பார்க்கவே இல்லை. 'டெஸ்ட் செய்ததே இல்லை' என்று அமுக்கியவர்கள் அறுநூறு பேருக்கு மேல். அவர்கள் சும்மா இருக்கவில்லை. 'லேப்ல நிக்கிறேன் சார், பத்து நிமிஷம்.' 'நானும் லேப்ல.' திருப்பாப்புலியூரில் ஒரு லேப் வாசலில் ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு முப்பது பேர் வரிசையில் நிற்கிற போட்டோ வந்தது. ஞாயிற்றுக்கிழமை கறிக்கடையில்கூட அப்படி வரிசை நின்று அவள் பார்த்ததில்லை.

நடுவே வந்த ஒரு மெசேஜைப் படித்து அவள் விரல் நின்றது. சட்டென்று அதைத் தனியாக ஒதுக்கிவைத்தாள். மாமனார் அதைப் பார்க்கவில்லை.

பதினோரு மணிக்குள் புதிதாக பி நெகட்டிவ் ஒன்பது. மூன்று பேர் சென்னையில், ஒருவர் கோயம்புத்தூரில், ரெண்டு பேர் வெளிநாட்டில், ஒரு அம்மாவுக்கு சர்க்கரை ஜாஸ்தி. மிச்சம் ரெண்டே பேர். கச்சிதமாக ரெண்டு பேர்!

ஒருத்தி எழிலரசி, புவனகிரியில் பள்ளிக்கூட டீச்சர். 'ரெண்டாவது பிரசவத்துல டெஸ்ட் பண்ணாங்க சார், அப்பவே லைசென்ஸ்ல வேற இருக்கேன்னு நெனச்சேன். ஸ்கூட்டியில கிளம்பிட்டேன். சிதம்பரம் பக்கம்தான்.'

இன்னொருவர் சுப்புராயன், லாரி டிரைவர். புதுச்சத்திரம் தாண்டி ஹைவேயில் ஓரங்கட்டியிருந்தார். 'குடல்வால் ஆபரேஷன் பண்ணப்ப சொன்னாங்க. லோடு வண்டிய இந்நேரம் டவுனுக்குள்ள வுட மாட்டாங்களே சார். எப்படி வர?'

"அங்கயே நிக்கச் சொல்லு" என்றார் மணவாளன். சாவியை எடுத்துக்கொண்டார். "நான் போய்க் கூட்டிக்கிட்டுப் போறேன்."

முன்னும் பின்னும் சிவப்பு 'எல்' போட்ட ஸ்கூல் கார். இருபத்தாறு வருஷத்தில் எத்தனையோ கார் மாறினாலும் அவர் நாற்பதுக்கு மேல் போனதில்லை. இன்று ஆலப்பாக்கம் தாண்டும்போது முள் எண்பதைத் தொட்டது. புதுச்சத்திரத்துக்கு அப்பால் புளியமரத்து நிழலில் ஒரு லாரி இண்டிகேட்டர் மினுக்கிக்கொண்டு நின்றது. சுப்புராயன் கையைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் நின்றார். ஐம்பதை நெருங்குகிற ஆள், மீசையெல்லாம் நரை.

"இன்னுமா இண்டிகேட்டரை அணைக்கல?"

"நீங்க அணைக்கச் சொல்லலியே சார்."

சிதம்பரம் ரயில்வே கேட் பக்கம் மெதுவானபோது சுப்புராயன் சொன்னார். "என் வண்டி பேப்பர்ல எல்லாம் ஓ பாசிட்டிவ்னுதான் சார் இருக்கு. அடிபட்டுக் கெடந்திருந்தா ஆளுங்க அதைப் பாத்துட்டு அதுக்குத்தானே ஓடியிருப்பாங்க?"

மணவாளன் கியரை மாற்றினார்.

ஆஸ்பத்திரி வாசலில் சுப்புராயனை இறக்கிவிட்டார். "நீ போ. ரத்த வங்கி கீழதான்."

"நீங்க?"

"நான் வண்டில இருக்கேன்."

சுப்புராயன் உள்ளே போனார்.

கார் ஒரு வேப்பமரத்தடியில் நின்றது. மணவாளன் சீட்டை விட்டு நகரவில்லை. டெஸ்ட் எடுத்தார்கள், பொருந்துகிறது என்றார்கள், எடுத்து முடித்தார்கள், மேலே கொண்டுபோனார்கள். சத்யா கடலூரிலிருந்து போனில் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே இருந்தாள். மணி ஒன்று. ரெண்டு. ரெண்டரைக்கு ராமாமிர்தம் சத்யாவுக்குக் கூப்பிட்டாள். "நின்னுடுச்சுடி! டாக்டரம்மா சிரிச்சுக்கிட்டே வந்துச்சு!" அதைச் சத்யா மாமனாரிடம் சொன்னாள். அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற ஓசை கேட்டது.

ரத்தம் கொடுத்து முடித்தவர்களிடம் துளி ஒரு கேள்வி கேட்கும். அது சத்யா ஆசையாக வைத்தது. 'ரத்தம் பெற்றவருக்கு உங்கள் பெயரைச் சொல்லலாமா? வேறு ஏதாவது சொல்ல விரும்பினால் எழுதுங்கள்.' எழிலரசி எழுதியதும் சுப்புராயன் எழுதியதும் அடுத்தடுத்து வந்தன. அவர்கள் இருவரும் பேசி வைத்துக்கொண்டார்களா என்று தெரியாது. டீச்சர், 'பேரு எதுக்கு, மணவாளன் சார் ஸ்டூடண்ட்னு சொல்லிடுங்க' என்று எழுதியிருந்தார். லாரிக்காரர், 'மணவாளன் சார்ட்ட வண்டி கத்துக்கிட்டவன்' என்று.

துளிக்கு ஒளிக்கவும் தெரியாது, ஒத்திப்போடவும் தெரியாது. அப்படியே ஆரோக்கியராஜின் போனுக்கு அனுப்பிவிட்டது.

ஐந்து நிமிஷம் ஆயிற்று. ஆரோக்கியராஜின் போனிலிருந்து துளிக்கு ஒரு வரி வந்தது. அவன் எழுதியது இல்லை என்று சத்யாவுக்குப் படித்ததுமே தெரிந்துவிட்டது.

'அப்பா கீழ நிக்கிறாரா?'

துளி உடனே பதில் சொன்னது: 'மன்னிக்கவும், எனக்குப் புரியவில்லை. கீழே உள்ள பட்டன்களில் ஒன்றை அழுத்தவும்.'

துளிக்குப் புரியாததெல்லாம் 'ஆள் பார்க்க வேண்டியவை' என்ற பட்டியலுக்கு வரும். சத்யா அந்த ஒற்றை வரியைப் பார்த்துக்கொண்டே மாமனாருக்குப் போன் போட்டாள். படித்துக் காட்டினாள்.

அவர் காரில் உட்கார்ந்து மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது.

"மாமா? என்ன சொல்லட்டும்?"

"சொல்லு..." தொண்டையைச் செருமிக்கொண்டார். "வண்டிய பார்க் பண்ணிட்டு வர்றாராம்னு சொல்லு."

கார்க் கதவு திறந்து மூடுகிற சத்தம் போனில் கேட்டது. அப்புறம் ஷூ சத்தம். பிறகு படிக்கட்டு. வேறொரு ஆண் குரல், தயங்கித் தயங்கி, "வாங்க சார்" என்றது. அதோடு இணைப்பு துண்டானது. சத்யா தன் கையாலேயே டைப் செய்து தமிழ்ச்செல்விக்கு அந்தப் பதிலை அனுப்பினாள். சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது அவளுக்கு.

கண்ணைத் துடைத்துக்கொண்டு பட்டியலைப் பார்த்தாள். இன்னும் ஒன்று மிச்சம் இருந்தது. காலையில் அவள் ஒதுக்கிவைத்தது.

'சார், நான் காயத்ரி. என் தம்பி உங்க குரலை எனக்கு அனுப்பினான். என் வீட்டுக்காரர் உங்ககிட்டதான் கார் கத்துக்கிட்டார். மூணு வருஷத்துக்கு முன்னாடி வடலூர் கிட்ட ஆக்சிடென்ட். லைசென்ஸைப் பாத்துட்டு ஓ பாசிட்டிவ் ஆளுங்களா ஆறு பேரைக் கூட்டிக்கிட்டு ஓடினோம். டெஸ்ட் பண்ணிட்டு ஏ நெகட்டிவ்னாங்க. அதைத் தேடிக் கொண்டுவர்றதுக்குள்ள போயிட்டார். இத்தனை நாளா தப்பு எங்க நடந்துச்சுன்னு தெரியாம இருந்தேன். உங்க பொண்ணு பொழைக்கட்டும். பொழைச்சதும் சொல்லுங்க. நேர்ல வர்றேன்.'

பட்டியலில் அது ஒன்றுதான் இருந்தது. பொழைச்சாச்சு. சத்யா பதில் எழுதும் இடத்தில் விரலை வைத்தாள்.